வியாழக்கிழமைத் தமனி

ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். உப்புக்கரைசலில் வெள்ளைப் புழுக்களாய்ச் சுருண்டு கிடக்கும் ஆட்டுத் தமனிகள். நாகர்கோவிலில் மருந்தியல் கல்லூரியொன்றில் நான் விரிவுரையாளனாக இருந்த காலத்துத் துறைத்தலைவரை நினைத்தால், அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பாட்டில்தான் வருகிறது. முகமும் அதைவிட உயிரோடு இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் வீட்டுக்குக் கறி வாங்கும் அட்டெண்டர் கூடவே தமனியும் வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பார். தலைவர் சுத்த சைவம். கறிக்கடை வாசல் ஆகாது. வாரத்துக்கு ஒரு ஆடு போதும் என்பது அவர் சட்டம். திங்களன்று வகுப்புக்கும் அதே தமனி, வியாழனன்று ஆய்வுக்கும் அதே தமனி.

ஒரு ரத்தஅழுத்த மருந்து தமனியை எப்படித் தளர்த்துகிறது என்பது அவருடைய முதுகலை மாணவியின் ஆய்வு. கடற்கரை ஊர்க்காரி. தமனிச் சுவரில் நரம்பு நுனிகள் உண்டு. மின்சாரம் தொட்டால் அவை நோரட்ரினலினைச் சிந்தும், தசை சுருங்கும். சிந்தியதில் பெரும்பகுதியை நரம்பே திரும்ப அள்ளிக்கொள்ளும், மிச்சத்தை நொதிகள் சிதைத்துவிடும். சிந்தி, அள்ளி, அழித்து, ஒரு மூச்சுக்குள் முடிகிற வாழ்க்கை. தலைவரின் தமனியிலோ மின்சாரம் விட்டால் எதுவும் அசையாது. நோரட்ரினலினை வெளியிலிருந்து ஊற்றினால் மட்டும் சுருங்கும். ஆகவே ஆட்டுத் தமனியில் நரம்புக்கு வேலையே இல்லை, மருந்து தசையில்தான் கைவைக்கிறது என்று திருவனந்தபுரத்தில் மேடையேறி முழங்கிவிட்டு, சால்வையோடு வந்திருந்தார்.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள். "ஐஸ்ல நாலு நாள் கெடந்த மீனு சார் இது. சதை நிக்கும், உயிரு போயிரும். எங்கம்மைக்கிட்ட வித்துப் பாருங்க, மூஞ்சில எறிவா."

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கறிக்கடையில் நின்று, ஃபிளாஸ்கில் புதுத் தமனி கொண்டுவந்தாள். ஆய்வுக்கூடச் சாவி என்னிடம் இருந்தது. மின்சாரம் தொட்டதும், தமனியின் சுருக்கத்தைக் கீறிக்காட்டும் ஊசி, உருளையில் சுற்றிய புகைக்கரி பூசிய தாளில் மலையாய் எழும்பியது. மருந்தை விட்டாள்; மலை சிறு மேடாயிற்று. நோரட்ரினலினை ஊற்றினாள், மறுபடி முழு மலை. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்து நரம்பின் வாயைப் பொத்தியிருந்தது. மூன்று ஞாயிறு, மூன்று ஆடு, அதே மலை. மூன்று முறையும் நான் பக்கத்தில் நின்றேன்.

தலைவர் தாளைத் தொடக்கூட இல்லை. "அப்போ நான் திருவனந்தபுரத்துல சொன்னது பொய்யா, ஏட்டி?"

"பொய்யின்னு சொல்லல சார். பழசுன்னுதான் சொன்னேன்."

"குளிர்பெட்டித் தமனியில செய்து எழுது. இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

அவள் என்னிடம் திரும்பினாள். "சார், நீங்க பாத்தியளா, இல்லியா?"

என் பணி நிரந்தரக் கோப்பு அவர் மேசையில் கிடந்தது. "நான் சாவி குடுக்கத்தான் வந்தேன்" என்றேன். தலைவர் மோர் குடித்தார்.

அவள் பொய்யை எழுதவில்லை. பட்டம் வாங்காமலே போனாள். அவர் ஓய்வு பெற்ற அன்று, அறிவியலின் கலங்கரை விளக்கம் என்று வாழ்த்துரை வாசித்தவன் நான். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவனும் நானே.

போகிற அன்று அவள் என் மேசையில் வைத்துவிட்டுப் போன கரித்தாள் இழுப்பறையில் இருக்கிறது. அடியில் மூன்று தேதிகள், அவள் கையெழுத்து. பக்கத்தில் 'உடனிருந்தவர்' என்று எழுதி ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

கோட்டின்மேல் இன்னும் ஒன்றுமில்லை.