உருண்டைக்குள் இருந்த வெள்ளைப் புள்ளி

ஜூன்ல இடவப்பாதி மழை தொடங்கின வாரம், என் அஞ்சு வருஷ ஆராய்ச்சி நொறுங்கிப் போச்சு. அப்போ நான் அழுத அழுகையைக் கர்த்தர் அறிவார்.

என் பேர் ஜெபா. ஊர் மார்த்தாண்டம்; கல்யாணமாகி திருவனந்தபுரம் வந்தேன். விண்வெளியில இருந்து விழுந்து கடலடிச் சேத்துல கிடக்கிற, மணல்பொடி அளவு இரும்பு உருண்டைகளை ஆராயறதுதான் என் வேலை. அதுல பிளாட்டினம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். எங்க லேப்ல லேசரால ஓரத்தைச் சுட்டு அளந்தோம். ஒண்ணுமே இல்லைங்கிற மாதிரி வந்தது. இன்னொரு லேப்ல ஷைனின்னு ஒரு பொண்ணு, அதே குவியல்ல எடுத்த உருண்டைகளை முழுசா அமிலத்துல கரைச்சு அளந்தா, ஏராளமா வந்தது.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "ஷைனியோட பாத்திரம் சுத்தமில்லை"ன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன். அவளுக்குத் தற்காலிக வேலை. அதுவும் போகிற நிலைமை வந்துட்டு. என் பேராசிரியரோ, "ரெண்டும் ஒத்துவரலைன்னா உன் ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தையே எடுத்துடு"ன்னுட்டார்.

"ஆண்டவரே, நான் சொன்னதுதான் சரின்னு காட்டும்"னு மூணு நாள் உபவாசம் இருந்தேன். சமாதானமே இல்லை. நாலாம் நாள் காலையில முழங்கால்ல நிக்கும்போது ஷைனி முகம்தான் கண்முன்னால வந்தது. என் ஜெபமே மாறிப்போச்சு. "உண்மை எதுவோ அதைக் காட்டும் அப்பா. நான் தோத்தாலும் பரவாயில்லை."

உடனே ஆட்டோ பிடிச்சு அவ லேப்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவ உருண்டைகள் இருந்த குப்பியை எடுத்து என் முன்னால வச்சா. அப்புறம், "சேச்சி, ஓரத்தை மாத்திரம் நோக்கினா போதுமா? நடுவில என்ன உண்டுன்னு பார்ப்போமே"ன்னா.

ரெண்டு பேருமா ஓர் உருண்டையை மெல்ல மெல்லத் தேய்ச்சோம். பாதி தேய்ஞ்சதும் மைக்ராஸ்கோப்ல பார்த்தா, அல்லேலூயா! நடுவுல பளிச்சுன்னு ஒரு வெள்ளைப் புள்ளி. அளந்து பார்த்தா, அது பிளாட்டினம். ஆகாயத்துல உருகி விழுந்தப்போ பிளாட்டினம் பூரா அங்கே ஒதுங்கிட்டு! இன்னும் சிலதைத் தேய்ச்சோம், பலதுலயும் அதே. நான் அளந்த ஓரமும் சரி, அவ அளந்த முழுசும் சரி. "அய்யோ சேச்சி!"ன்னு ஷைனி என்னைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சா. நானும் குதிச்சேன்.

அன்னைக்கே எல்லாருக்கும் என் தப்பை எழுதினேன். அவ வேலை நிலைச்சது. அத்தியாயமும் நின்னுது. கட்டுரையில இப்போ அவ பேர் என் பேருக்கு முன்னால.

பிரியமானவங்களே, நீங்களும் யார்கூடயாவது "நானா நீயா"ன்னு நிக்கறீங்களா? ஜெயிக்கணும்னு கேட்காதீங்க, வெளிச்சம் வேணும்னு கேளுங்க. அவர் தருவார். எனக்கு ஒரு தங்கச்சியையும் சேர்த்துத் தந்தார்.