அத்தையின் பதினேழு கடிதங்கள்

அத்தை அந்தக் கடிதத்தை உடனே என்னிடம் தரவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உறையை முழுக்கக் கிழித்து விரித்து, அதன் உட்புறத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நான்கு வரி, ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தாள் கனமாக இருந்தால் நல்ல சேதி, மெல்லியதாக இருந்தால் கெட்ட சேதி என்று மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது. இது மெல்லிய தாள். "உள்ளத உள்ளபடி படி. எனக்காகக் கொறச்சுச் சொல்லாத" என்று நீட்டினாள். படித்தேன். அவளுடைய வாகனத்தின் காப்பீட்டை நடப்புக் காலம் முடிந்தபின் புதுப்பிக்கக் கம்பெனி விரும்பவில்லை; வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். காரணம் எதுவும் இல்லை. நடப்புக் காலம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அத்தை என் அப்பாவின் தங்கை. குமுளிக்கு அருகே மலைமேல், சக்குபள்ளத்தில் ஏலக்காய் ஏற்றிப்போகும் சாலையை ஒட்டி அவள் வீடு. மாமா இறக்கும்போது அவளுக்கு விட்டுப்போனது அந்த வீடும், டாக்சியாக ஓடிய ஒரு கறுப்பு அம்பாசடரும்தான். மாமா காலத்து டிரைவரையே வைத்துக்கொண்டு நான்கு வருடமாக அவள் வண்டியை நடத்திவந்தாள். வேறு வருமானம் இல்லை. குமுளிச் சோதனைச் சாவடியில் காகிதங்களைக் கேட்பார்கள். காப்பீடு இல்லாத டாக்சி இருபதாம் நாள் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். நான் அப்போது அதே ஊரில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் ஸ்டோரில் எழுத்தர். வயது இருபத்தாறு. அத்தையின் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் பொறுப்பு. பள்ளி முடித்த வருடம் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் இங்கே நான் சொல்வதில் ஞாபகத்தை நம்பி எழுதியது குறைவு.

அன்று மாலைக்குள் அத்தை மூன்று பேரைச் சந்தேகித்துவிட்டாள். முதலாவது, டாக்சி ஸ்டாண்டில் எங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்கும் ஜீப்பின் முதலாளி. முன்வரிசை இடத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மொட்டக் கடுதாசி போட்டுருக்கான். அவன் சிரிக்கிற சிரிப்பே சரியில்ல" என்றாள். இரண்டாவது, கம்பத்திலிருந்து மாதம் ஒருமுறை ஏறிவரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன முறை வந்தபோது அவர் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார் என்பது சாட்சியம். மூன்றாவது, டிரைவர். தனக்குத் தெரியாமல் அவன் எங்கேயோ இடித்திருக்கிறான் என்று சொல்லி, டார்ச் விளக்கோடு போய்க் குனிந்து, முன் பம்பரை விரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யக்கா, முதலாளி காலத்துலருந்து இந்த ஸ்டீரிங்கத்தான் பிடிச்சிருக்கேன். ஒரு கோழி அடிபட்டுருக்கா?"

"அடிபட்ட கோழி வந்து எங்கிட்டச் சொல்லுமாக்கும்?"

பம்பரில் ஒன்றும் அகப்படவில்லை. நிமிர்ந்தவள் என்னையும் ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை.

காரணம் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். "கடுதாசிக்குக் கடுதாசி போட்டா பத்தொம்பது நாளும் தபால்காரன் பையிலயே போயிரும். வண்டிக்கு இன்னும் உசுர் இருக்கும்போதே நேர்ல போவோம்" என்றாள். மறுநாள் காலை நாங்கள் கிளம்பியபோது ஜீப் முதலாளி வேப்பங்குச்சியோடு எதிரே வந்தார்.

"என்ன மதினி, வண்டி நிக்கப் போகுதாம்ல?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா அண்ணே?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு யாரு சொன்னா?"

அவர் குச்சியைக் கடித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். கார் மலையிறங்கும்வரை அத்தை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கடிதம் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அது உறுத்தியது. தபால்காரர், டிரைவர், ஸ்டோரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் என்று நானும் மனதுக்குள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். சந்தேகம் அம்மை மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

மலையடிவாரத்து நகரத்தில் கம்பெனியின் கிளை அலுவலகம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மேலாபீஸ் முடிவு, எங்கள் கையில் இல்லை என்று சொல்லிப்பார்த்தார். அத்தை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "எவன் எழுதிப் போட்டான்னு மட்டும் சொல்லுங்க தம்பி, போயிர்றோம்" என்றாள். யாரும் எழுதவில்லை என்று அவர் சொல்ல, அதை அவள் நம்பவில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் அவர் அலமாரியைத் திறந்து, நாடா கட்டிய ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே ஒரு காருக்கு அவ்வளவு தடித்த கோப்பா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாடாவை அவிழ்த்தார். மேல் தாளை அத்தை பார்த்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் என் கையெழுத்துத் தெரியுமே.

"மருமகனே, இது ஓங் கையெழுத்துல்ல?"

என் எழுத்துதான். அதன் அடியில் இருந்ததும், அதற்கும் அடியில் இருந்ததும்.

இதை விளக்க வேண்டும். மாமா இறந்த சில மாதத்தில், பீர்மேட்டுப் பக்கம் ஒரு கார்க்காரர் மேல் வழக்கு வந்த கதையை அத்தை கேள்விப்பட்டாள். எப்போதோ அந்த வண்டி தன்னை இடித்தது என்று ஒருவன் வெகுநாள் கழித்து வக்கீலோடு வந்தானாம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். காரை எது தொட்டாலும், கார் எதைத் தொட்டாலும், அன்றே கம்பெனிக்கு ஒரு கடிதம் போய்விட வேண்டும். "எதுக்கும் எழுதிப் போடு. நாளைக்கு எவனும் வந்து நிக்கக் கூடாது" என்பாள். நான் எழுதுவேன்: தேதி, நேரம், எந்த வளைவு, யார் சாட்சி, காயம் இல்லை, இழப்பீடு கேட்கவில்லை. ஒரு வெள்ளாடு உரசியது. சுமந்துபோன விறகு கண்ணாடியில் பட்டது. நின்றுகொண்டிருந்த காரில் குடித்துவிட்டு வந்து சாய்ந்த ஒருவர், தானாகவே விழுந்து தானாகவே எழுந்து போனார். மரத்தடியில் நிறுத்தியிருந்தபோது பானெட்டில் ஒரு பலாப்பழம் விழுந்தது. நான்கு வருடத்தில் பதினேழு கடிதம். ஒவ்வொன்றின் தலையிலும், மாதிரிக் கடிதப் புத்தகத்தில் பார்த்தபடி, 'விபத்து அறிவிப்பு' என்று கோடிட்டு எழுதியிருந்தேன். பலாப்பழத்துக்கும்தான்.

"நாலு வருஷத்துல பதினேழு விபத்து சார்" என்றார் அதிகாரி, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில். "மேல எண்ணிக்கையத்தான் பாப்பாங்க. உள்ள இருக்கறது பஸ்ஸா பலாப்பழமான்னு பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

முடிவை மாற்ற முடியுமா என்று கேட்டேன். மேலே போன கோப்பு இறங்கிவர இரண்டு மாதமாகும் என்றார். அப்படியானால் இந்தக் கார் இதுவரை ஒரு முறைகூட இழப்பீடு வாங்கியதில்லை என்பதையாவது எழுத்தில் தாருங்கள் என்றேன். தயங்கினார். அத்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது, மலைப்பாதையில் பாதி வளைவுகள் கடந்தபின், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"பதினேழும் நாஞ் சொல்லித்தான எழுதுன?"

"ஆமாத்த."

"விபத்துன்னு தலப்புப் போடச் சொன்னது யாரு?"

"நாந்தான் போட்டேன்."

டிரைவர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான். ஜீப் முதலாளி பாவம், அவர் ஒன்றும் எழுதவில்லையே என்றேன். "எழுதல, சரி. எழுத நெனச்சிருப்பான்ல?" என்றாள்.

ஏழு நாள் மிச்சமிருந்தபோது ஏஜென்ட் வேறொரு கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். அதில் ஒரு கேள்வி: இதற்குமுன் எந்தக் கம்பெனியாவது உங்களுக்குக் காப்பீடு தரவோ புதுப்பிக்கவோ மறுத்திருக்கிறதா? ஏஜென்ட் பேனாவை என் கையில் வைத்து, "இல்லைன்னு போடுங்க தம்பி. இதையெல்லாம் யாரு தோண்டப் போறா" என்றார். உண்மையைச் சொன்னால் படிவம் அப்படியே திரும்பி வரும் என்றும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏஜென்டைப் பார்த்தாள். "ஏன்யா, இன்னைக்கு இல்லன்னு எழுதச் சொல்லிட்டுப் பணத்த வாங்கிக்குவீக. நாளைக்கு வண்டி எங்கயாச்சும் மோதினா, அந்தக் கடுதாசியக் கண்டுபிடிச்சு, பொய் சொல்லி வாங்குன இன்சூரன்ஸ் செல்லாதுன்னு கைய விரிப்பீகளா மாட்டீகளா?"

ஏஜென்ட் காப்பியை எடுத்துக் குடித்தார்.

ஆம் என்று எழுதினேன். மறுப்புக் கடிதத்தின் நகல், இழப்பீடு வாங்காததற்கான சான்று, பதினேழு சம்பவங்களையும் உள்ளது உள்ளபடி விவரித்த இரண்டு பக்கப் பட்டியல் மூன்றையும் இணைத்தேன். இன்று எனக்கென்று ஒரு கார் இருக்கிறது. யாராவது இப்படியொரு கடிதத்தோடு என்னிடம் வந்து யோசனை கேட்டால், அந்தப் படிவத்தை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். பழைய காப்பீடு முடியும்வரை காத்திருக்காதீர்கள், காரணத்தை நேரில் போய்க் கேளுங்கள், மறுத்ததை மறைக்காதீர்கள். பெரும்பாலோர் மூன்றாவதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

நான்கு நாள் இருக்கும்போது புதுக் கம்பெனி ஒரு பரிசோதகரை அனுப்பியது. கோட்டயத்துக்காரர். அத்தை அவரிடம் அடையாள அட்டை கேட்டாள். அதிலிருந்த படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவர் காருக்கடியில் படுத்தபோது அவளும் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். "சேச்சி, ஞான் வண்டி நோக்கான் வந்நதாணு, களவு செய்யானல்ல" என்று அடியிலிருந்து மலையாளத்தில் குரல் வந்தது; வண்டியைப் பார்க்க வந்தவன், திருட வந்தவன் இல்லை என்கிறார். "பாருங்க, பாருங்க. நானும் பாத்துக்கிட்டேதான இருக்கேன்" என்றாள் அத்தை. வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டவர் என் பட்டியலைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தார். பலாப்பழத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டார். இரண்டு நாள் மிச்சமிருக்கையில் தற்காலிகக் காப்புச் சீட்டு வந்தது. எந்தச் சேதத்திலும் செலவின் முதல் பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த வருடமும் அவர்கள் மறுக்காமல் புதுப்பித்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அது எங்களுக்குத் தெரியாது.

முழுப் பத்திரம் வந்த நாள் மழை. காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னேன். பொடி எழுத்தில் நிபந்தனைகள் தொடங்கின. முதல் நிபந்தனையே இதுதான்: எந்த விபத்து நேர்ந்தாலும் உடனடியாகக் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறுபடி படிக்கச் சொன்னாள். பழைய கம்பெனியின் பத்திரத்தையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். அதிலும் அதே வரி, அதே இடத்தில்.

"அப்ப நாம செஞ்சது சரிதான?"

"சரிதான் அத்த."

"பெறகு எதுக்கு நம்மள வேணாம்னான்?"

இரண்டு பத்திரங்களையும் மடித்து அவள் மடியில் வைத்தேன்.

அந்த மாதம் முடியவில்லை, டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது இடதுபக்கக் கதவு மண்திட்டில் உரசிவிட்டதாம். அத்தை குடையோடு போனாள். எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்த்துப் பார்த்தாள். திரும்பி வந்து, "எழுது" என்றாள்.

"அத்த, நகக்கீறல். இத விட்டுருவோம். இதுனாலதான அந்தக் கம்பெனி நம்மளக் கழிச்சுவிட்டான்?"

"கழிச்சு விடுறது அவன் இஷ்டம். நாளைக்கு நெசமாவே ஒருத்தன் அடிபட்டுக் கெடக்கும்போது, நீ சொல்லலன்னு சொல்ல நான் வழி வைக்க மாட்டேன். எழுது."

எழுதினேன். தலைப்பில் 'தகவலுக்காக' என்று மட்டும் போட்டேன். அவள் தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டாள். உறையை ஒட்டிவிட்டுக் கையை நீட்டினேன். என் ஸ்டோருக்கு அடுத்த கட்டடம்தான் தபால் நிலையம், பதினேழையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அவள் உறையைத் தரவில்லை. சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

"மழையில நீங்க எதுக்கு அத்த? நான் போற வழிதான."

"நானே போடுறேன். ஓம் மொகம் சரியில்ல."

வாசலில் நின்று, தபால் நிலையத்துத் திருப்பத்தில் குடை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உறையை ஸ்டோர் மேசையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவது என்று, தலைப்பை எழுதும்போதே நான் முடிவு செய்திருந்தேன்.