சாயக்கொட்டகையில் பார்த்த பொறி

அறுபதுகளின் இறுதியில் காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்துவந்தேன். என்னுடைய பழைய கார் மழைக்காலத்தில் ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் திக்கித் திணறும். டிரைவர் முனுசாமி பெட்ரோலைத் திருடிவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் முன்னிலையில் அதைச் சொல்லி, வேலையை விட்டு நிறுத்தினேன்.

அவர் சாவியைத் தரவில்லை.

"திருடன்னு பேரு வாங்கிக்கினு வூட்டுக்குப் போ மாட்டேன் சார். இன்னா கோளாறுன்னு இப்பவே காட்டுறேன். வண்டிய அந்தச் சாயக்கொட்டாய்க்குத் தள்ளுங்கபா."

"வண்டிக்குச் சாயம் போடப் போறியா?" என்றார் ஒரு நெசவாளர். எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமி சிரிக்கவில்லை.

காரின் முன்பகுதியை உள்ளே தள்ளி, வாசலைச் சாக்குகளால் மறைத்தார்கள். ஜன்னலில்லாத கொட்டகை, நண்பகலிலும் இருட்டு. சாயக் கொப்பரையிலிருந்து நீராவி எழுந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார். சற்று நேரத்தில் அது திணறத் தொடங்கியது. திணறும்போதெல்லாம் ஒரு பிளக் ஒயரிலிருந்து நீலப் பொறி இன்ஜின் மேல் பாய்ந்தது. ஒயரில் வெடிப்பு, ஈரம் பட்டால் மட்டும் மின்சாரம் கசிந்தது. பெட்ரோலில் குறையே இல்லை.

"பாத்துக்கினீங்களா சார்?"

"பார்த்தேன். மன்னிச்சுக்க முனுசாமி. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"ஒயர மாத்துங்க, நல்லா ஓடும். நான் வரல சார்."

நான்கு பேர் முன்னால் பழி சொல்ல நான் எந்த ஆதாரமும் தேடவில்லை. அதைத் துடைக்க அவர்தான் தேட வேண்டியிருந்தது. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.