மேடம் சும்மா உட்கார்ந்திருந்த சங்கம்

சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்கிற வேலையில் ஆராய்ச்சி கால்வாசி, டீ முக்கால்வாசி. கூட்டங்களில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்களே, உங்களுக்குப் புரியும்.

பிளஸ் டூவைப் பாதியில் விட்ட எனக்கு இது எப்படிக் கிடைத்தது? சென்னையிலிருந்து வந்த சமூகவியல் மேடத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சின் வேகம் பிடிபடவில்லை. கூட இருந்து விளக்க ஆள் வேண்டும்; அந்த ஆள் நான். மேடம் கோட்டாறு பக்கம் ஒரு வாழைக்குலை வியாபாரிகள் சங்கத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி நின்றால் அப்பா என்னை டுடோரியலில் தள்ளிவிடுவார். அதனால் அது நிற்கக் கூடாதென்று மேடத்தைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

முடிவு எடுப்பவர்

"இங்கே முடிவு எடுப்பது யார்?" இதுதான் மேடத்தின் முதல் கேள்வி. தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, "வேற யாரு, நாந்தான்" என்றார். அப்படியானால் கூட்டத்தில் நாங்களும் உட்காரலாமா என்று மேடம் கேட்டார். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் டீ கொண்டுவந்த அக்காவைப் பார்த்தார். அக்கா கிளாஸை வைத்தபடியே சொன்னார்: "இருந்துட்டுப் போட்டும், என்ன இப்பம்?"

சும்மா இருத்தல்

ஆராய்கிறவர் எதிலும் தலையிடக் கூடாதாம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, யார் பக்கமும் சாயக் கூடாது. மேடம் மூலையில் நாற்காலி போட்டுச் சிலை மாதிரி இருந்தார். முதல் வாரம் எல்லோரும் அவரைப் பார்த்துப் பார்த்து மரியாதையாகச் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் அவர் இருப்பதையே மறந்துபோனார்கள். ஒரு வியாபாரி தன் மட்டி வாழைக்குலையை அவர் மடியில் சாய்த்துவிட்டுச் சண்டையில் கத்தப் போனார். "அண்ணாச்சி, அவங்க ஆராய்ச்சி பண்ணுகாவ!" என்றேன்.

"பண்ணட்டும் மக்கா, நானா தடுத்தேன்? குலை உருளாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

தேர்தல்

புதுத் தலைவருக்குத் தேர்தல். பழைய தலைவர் பக்கமும் செயலாளர் பக்கமும் தூக்கிய கைகள் சரிசமம். மறுபடி தூக்கினாலும் அதேதான். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்றார் யாரோ. எல்லாத் தலையும் மூலைக்குத் திரும்பியது. மேடம் பதறி, கூட்டத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "ஐயோ, எனக்கு வாழைக்குலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதே!"

மாலையோடு வந்த செயலாளர் சொன்னார்: "இவ்வளவு நாளும் ஒண்ணும் பேசாம, ஒண்ணும் செய்யாம இருந்தியளே மேடம், தலைவருக்கு வேற என்ன வேணும்?"

தான் தலைவராக இருக்கிற சங்கத்தைத் தானே ஆராயக் கூடாதாம். ஆக, சும்மா இருந்த மேடத்துக்குப் பதவி, கத்திக் கத்தி விளக்கிய எனக்கு டுடோரியல்.