கத்துற பிள்ளைக்கும் ஒரு செபம்

கெசட்டில் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஓர் இரைச்சல் வரும். அடுப்பில் ஈர விறகை வைத்தால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். அது காதில் விழுந்ததும் எங்கள் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். அதற்குப் பிறகு டிரம் விழும், கித்தார் அறுக்கும், யாரோ ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், கண்டி மஹய்யாவையில் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடந்த எங்கள் வீட்டு வரிசை முழுக்க அந்தக் கத்தல் கேட்கும். துக்க வீட்டில் இப்படி ஒரு சத்தமா என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது. எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா லொறி ஓட்டினார். கண்டியிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவது அவர் வேலை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒருநாள், கடுகண்ணாவை இறக்கத்துக்கு முன்னால் லொறியை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, தேத்தண்ணிக் கடைக்குள் போய் ஒரு 'பிளேன்டி' சொல்லிவிட்டு, சாவியைக் கடைக்காரரின் கையில் கொடுத்திருக்கிறார். தேத்தண்ணி வருவதற்குள் உயிர் போய்விட்டது. சாவியை எதற்குக் கொடுத்தார் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை, பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: பல மாதமாக நெஞ்சு வலித்திருக்கிறது, அது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும், லொறியில் கூடப் போகிறவருக்குத் தெரியும், குளிசை கொடுத்த மருந்துக் கடைக்கும் தெரியும். "வீட்டுல சொல்லிராதீங்க, பயந்துக்குவா" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். தெரியாதவள் அம்மா ஒருத்திதான்.

அம்மா அழவில்லை. பெட்டி வந்தபோதும் அழவில்லை, மஹய்யாவைக் கல்லறையில் மண் போட்டபோதும் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் தங்கமான மனுசன், ஒருத்தர் மனசு நோக நடக்காத மனுசன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பைப்படியில் தண்ணீர் எடுக்க நின்ற பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது: "இப்புடி அழாம இருந்தா அது உள்ளுக்கே இருந்து ஆளக் கொன்னுரும்." அவர்கள் பேச்சு வாக்கில் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அப்பா போனது போதாதென்று அம்மாவும் போய்விடுவாள் என்று நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளே போகாமல் வாசலில் நின்று, அம்மாவின் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவேன். எங்களுக்குச் சமைத்து வைப்பாள், தான் ஒரு வாய் வைக்கமாட்டாள். ஜெசிந்தா அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய நேரத்தில் அம்மாவுக்குச் சோறு பிசைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பிசைந்த சோறு அப்படியே காயும்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் 'வருஷம் திரும்பும்' வரை பாட்டு கேட்கக் கூடாது. ரேடியோவுக்கும் டீவிக்கும் வெள்ளைத் தலையணை உறை போட்டு மூடிவிடுவார்கள், அந்த வருஷத்து நத்தார் பண்டிகைக்கு வெளிச்சக் கூடு கிடையாது, கேக் கிடையாது, பிள்ளைகள் வாய்க்குள்ளே முணுமுணுத்தாலும் முதுகில் ஒன்று விழும். கெசட் பெட்டியில் தேவாலயப் பாட்டு மட்டும் போடலாம். இந்தச் சட்டத்துக்கெல்லாம் காவல் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. கீழ் வரிசையில் இருந்தாள். அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் வந்து, உறை போட்டபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அத்தையேதான் கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் இருந்த ஒரு 'ரெக்கோடிங் பாரில்' சொல்லி, மரித்தவர்களுக்கான பாட்டுகளை ஒரு கெசட்டில் பதிந்து கொண்டுவந்தாள். கடைக்காரப் பையன் புதுக் கெசட் போடாமல் யாரோ திருப்பிக் கொடுத்த பழையதிலேயே பதிந்துவிட்டிருக்கிறான். ஒரு பக்கம் நிறைந்ததும் வேலை முடிந்தது என்று கொடுத்துவிட்டான். மறுபக்கத்தில் என்ன கிடக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை, அத்தைக்குப் பார்க்கத் தெரியாது.

அந்தத் தேவ பாட்டுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, இன்றைக்கும் கோவிலில் அவற்றைக் கேட்டால் கூடவே பாடுவேன். ஆனால் அம்மாவுக்கு அவை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் அவர் சித்தம், ஏற்றுக்கொள், அமைதியாயிரு என்று அவை சொல்லச் சொல்ல அம்மாவின் தலை இன்னும் குனிந்தது. கெசட் முடிந்தால் சுற்றிப் போடுவது என் வேலை. ஒரு மழைக்காலத்துப் பின்னேரம், எத்தனை தரம் இதையே கேட்பது என்ற அலுப்பில், சுற்றாமல் திருப்பிப் போட்டுவிட்டேன்.

முதலில் அந்த இரைச்சல். பிறகு இடி விழுந்த மாதிரி டிரம். நான் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பின்பக்கம் துணி கசக்கிக்கொண்டிருந்த அக்கா, சவர்க்காரக் கையோடு ஓடிவந்து நிறுத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பல நாளைக்குப் பிறகு அவளாக வாய் திறந்து சொன்ன ஒரு சொல் அது. அக்காவின் கை அப்படியே நின்றது. கெசட்டில் அந்த ஆள் மூச்சு விடாமல் கத்தினான், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினான். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, என்ன சொல்றான் என்று கேட்டாள். அக்காவின் இங்கிலீசு பரீட்சைத் தாளோடு சரி. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு முழித்தாள்.

"ஏன், ஏன்னு கேக்குறான்மா. மத்தது வெளங்கல."

"அது போதும்" என்று அம்மா எழுந்து, அடிப்பிடித்த சோற்றுப் பானையை இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் உட்கார்ந்து, சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். டிரம் விழுந்த வேகத்துக்கு அவள் கையும் போனது. பானையில் ஓட்டை விழுந்துவிடும் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் திரும்பியே பார்க்காமல், மறுபடி போடு என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் அதுதான். அத்தை வந்து போன பிறகு போடுவோம், அடுத்த தரம் வருவதற்குள் நிறுத்திவிடுவோம். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லமுடியாது. முகத்தில் சந்தோசம் ஒன்றும் இல்லை. பாட்டு முடியும்போது மூட்டை இறக்கியவள் மாதிரி களைத்துப் போயிருப்பாள், அந்தக் களைப்பில் கொஞ்சம் தூங்குவாள். அவள் தூங்குவதே எங்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது. ஆனால் சாப்பாடு இன்னும் இறங்கவில்லை, நானும் வாசலில் நின்று முதுகைப் பார்ப்பதை விடவில்லை.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இது எத்தனை நாளைக்கு மறையும்? யாரோ அத்தையிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தபோது குடையும் கையுமாக அத்தை வாசலில் வந்து நின்றாள். அவள் வந்ததை அம்மா பார்க்கவில்லை. அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கெசட்டில் அவன் கத்த, அந்தச் சத்தத்துக்கு மேலே, எங்கள் வாழ்நாளில் நாங்கள் கேட்டிராத ஒரு குரலில் அம்மாவும் கத்தினாள்.

"ஏன்யா சொல்லல? தேத்தண்ணிக் கடக்காரனுக்குச் சொன்ன, எனக்கு ஏன்யா சொல்லல?"

நானும் அக்காவும் அத்தையைப் பார்த்தோம். தூக்கி வளர்த்த தம்பியை, செத்தவனை, அவன் படத்துக்கு முன்னாலேயே நின்று ஒருத்தி ஏசுகிறாள். இன்றைக்கு வீடு இரண்டாகிவிடும் என்று நினைத்தேன். அம்மா திரும்பினாள், அத்தையைக் கண்டாள், பின்வாங்கவில்லை.

"எனக்கு அழுக வரல மதினி. கோவந்தான் வருது. ஒங்க தம்பி மேலதான்."

அத்தை உள்ளே வந்து, செத்த அன்றிலிருந்து ஒருவரும் உட்காராத அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் நனைந்தது. கெசட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, அவன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தான். அத்தை தலையைச் சாய்த்து அவனை நிதானமாகக் கேட்டாள்.

"இவனுக்கு யாரு செத்தது?"

தெரியாது என்றாள் அக்கா.

"யாரோ செத்திருக்கணும். சும்மா ஒருத்தன் இப்புடிக் கத்த மாட்டான், பாவம்."

அம்மாவுக்கு அப்போதுதான் உடைந்தது. தரையில் உட்கார்ந்து, அத்தையின் ஈரச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், அத்தையும் சேர்ந்து அழுதாள், எங்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்த அம்மா, பசிக்குது என்றாள். மத்தியானத்துச் சோறும் சம்பலும்தான் இருந்தது. சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் பைப்படியில் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: அது பாட்டில்ல, வெள்ளைக்காரன் ஒப்பாரி, துக்க வீட்டில் ஒப்பாரிக்குத் தடை எங்கே இருக்கிறது? அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதோடு விட்டாளா? சாயங்காலச் செபமாலையில் அப்பாவின் ஆன்மாவுக்காக என்று சொன்ன கையோடு, "அந்தக் கத்துற புள்ளயோட வீட்டுல செத்தவங்களுக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டாள். நானும் அக்காவும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்வோம். சுற்றி இருந்தவர்கள் பக்தியாக, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்குவார்கள். எந்தத் தேசத்துக்காரனோ, எந்தக் காசுக்காகக் கத்தினானோ, அவன் வீட்டுச் சாவுக்கு மஹய்யாவையில் வருஷம் திரும்பும்வரை செபம் நடந்தது.

இந்த மாதிரிப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும், வெறி ஏற்றும் என்று சொல்கிறவர்களோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீட்டில் அது வெறியை ஏற்றவில்லை, இருந்ததைச் செலவழித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வாழ்க்கை ஒன்றும் இனிப்பாகிவிடவில்லை. அம்மா தையல் கடையில் முதுகு ஒடிய உட்கார்ந்து எங்களை ஆளாக்கினாள். கெசட் தேய்ந்து, சிக்கி, பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றி, கடைசியில் அறுந்தது. நான் பெரியவளான பிறகு நாட்டில் தட்டுப்பாடு வந்து, எரிவாயுச் சிலிண்டரோடு நாள் முழுக்க வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அப்படிப்பட்ட கத்தல்களைத்தான் கேட்டேன். சிலிண்டர் கிடைத்துவிடவில்லை, ஆனால் கால் தாங்கி நின்றது.

இந்த வருஷம் அம்மாவும் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. வெகுகாலமாக இருந்திருக்கிறது. குளிசைகளை அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், தையல் கடைக்குத் தெரியும். "சின்னவகிட்ட சொல்லிராதீங்க, பயந்துக்குவா" என்றாளாம். என்னத்தைச் சொல்ல?

அந்த ரெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். வரிசை வீடுகள் மாடி எடுத்து ஆளுக்கொரு நிறம் பூசிவிட்டன, பைப்படி இல்லை. வருஷம் திரும்பும் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே துக்க வீட்டு வாசலில் பையன்களின் போனில் பாட்டு ஓடியது, நானும் தடுக்கவில்லை. கட்டாரிலிருந்து அக்காவால் வரமுடியவில்லை, போனில்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

போன கிழமை அத்தை வந்தாள். கிழடாகிவிட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கோவமா இருக்கா புள்ள என்று கேட்டாள். ஆமா அத்த என்றேன்.

"அப்ப அந்தக் கத்தலப் போடு."

கெசட் அறுந்து எத்தனையோ காலமாகிறது, அவன் பெயர் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. போனில் தேடி, கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றைப் போட்டு அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். டிரம் விழுந்தது, கித்தார் அறுத்தது, ஒருவன் கத்தினான். அத்தை தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டாள்.

"இது வேற புள்ள" என்றாள். பிறகு மடியிலிருந்து செபமாலையை எடுத்தாள். "இவனுக்கு யாரு செத்ததோ. இவனையும் சேத்துக்குவோம்."

அப்பாவின் பெயரைச் சொன்னாள், அம்மாவின் பெயரைச் சொன்னாள், பழைய பிள்ளையையும் புதுப் பிள்ளையையும் சொன்னாள். நான் போனை நிறுத்தாமல், அம்மா படத்தைப் பார்த்து, ஏம்மா சொல்லல என்று கத்தினேன்.