சுகந்தன் வென்றதாக ஒரு மனு

முந்தாநாள் காலை. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் போன் அடித்தது. எடுத்தால், தவமணி அக்கா.

"ரீச்சர், பதில் வந்திட்டுது!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுத்திட்டமா? குளக்கட்டு றோட்டா? பள்ளிக்கூடத்துக் கூரையா? நறுவிலிக்குளத்துக்கு அங்கால் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் தவமணி அக்காதான் மாதர் சங்கத் தலைவி. மீள்குடியேறி வந்த நாளில் இருந்து அவ எழுதாத மனு இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒன்றுக்காவது பதில் வந்ததாகச் சரித்திரமும் இல்லை.

"எந்த மனுவுக்கு அக்கா?"

"எங்கட சுகந்தன் வெண்ட விசயத்துக்கு!"

போட்ட செருப்போடு கதிரையில் இருந்துவிட்டேன். ஏனென்றால்… சுகந்தன் வெல்லவில்லை. தோற்றவன். அவன் வென்றதாக மனு எழுதியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான்.

சரி, முதலில் இருந்து வருகிறேன்.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு சுகந்தனை ஞாபகம் இருக்கும். என்னிடம் கணக்குப் படித்த பொடியன். படித்தான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனவன், வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்து ஜிம்மை எட்டிப் பார்த்து, அப்படியே எம்.எம்.ஏ. சண்டைக்காரனாகிவிட்டான். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்கள். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். இதற்கும் சட்டதிட்டம் எல்லாம் உண்டாம்!

அவனைப் பற்றி அரை மணித்தியால டொக்யுமென்டரி ஒன்று ஞாயிறு பின்னேரம் ரீவியில் போகிறது, கட்டாயம் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். பார்த்தீர்கள். நன்றி. ஆனால் பார்த்ததோடு விட்டீர்களா? கடிதம், போன், சந்தையில் மறித்து விசாரணை… மூன்று கிழமையாக எனக்கு இதே வேலை.

மன்னார் பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் கடை வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார். "ரீச்சர், பொடியன் நல்ல பொடியன். ஆனா அந்தக் களிசான் போதாது. அளவைச் சொல்லுங்க, முழங்காலுக்குக் கீழ வாற மாதிரி ஒண்டு நான் அனுப்பிவிடுறன்."

தலைமன்னாரில் இருந்து போன் எடுத்த ஒரு அம்மாவின் கவலை வேறு. "அவனுக்கு அங்க வடிவாச் சாப்பாடு குடுக்கினமோ பிள்ளை? விலா எலும்பை எண்ணலாம் போல கிடக்கு."

என் கணவர் கண் வெட்டாமல் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே கருத்து: "கதவைத் திறந்து விட்டிருந்தால் ரெண்டு பேரும் ஓடித் தப்பியிருப்பாங்கள்."

ஆனால் பேசாலையில் இருந்து எழுதிய ஒரு கடற்றொழிலாளி மட்டும் நேரே விசயத்துக்கு வந்தார். 'பொடியன் தோற்றுவிட்டான் என்று எங்களுக்கு உடனேயே விளங்கியது. தோணிக்குள் விழுந்த மீன் வாலால் தட்டத் தொடங்கினால் அதன் கதை முடிந்தது' என்று எழுதியிருந்தார்.

சரியாகப் பிடித்துவிட்டார். கழுத்து இறுகி, இனி ஏலாது என்று வந்தால், மாட்டுப்பட்டவன் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். 'தோற்றுவிட்டேன், விடு' என்று அர்த்தம். தட்டினால் மற்றவன் அந்தக் கணமே விட வேண்டும். அதுதான் இந்தச் சண்டையின் பெரிய சட்டம்.

படத்தின் கடைசியில் வருவது கொழும்பில் நடந்த ஒரு போட்டி. எதிராளி கஸகஸ்தான்காரன். அதில் சுகந்தன்தான் தட்டினான். இதை மட்டும் நான் முதல் கட்டுரையில் எழுதவில்லை. அவன் கேட்டிருந்தான். "ரீச்சர், தோத்ததை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. வீட்டில இன்னும் சொல்லேல்ல."

ஏன் சொல்லவில்லை? தகப்பன் கந்தசாமி அண்ணை வைத்த நிபந்தனை. மிதிவெடி கிடக்கிறது என்று பற்றை மூடிக் கிடந்த அவருடைய வயலைத் துப்புரவாக்கி, போன வருடம்தான் கையில் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அடிபட்ட முழங்கால் அவருக்கு இன்னும் மடங்காது. ஒற்றைப் பிள்ளை கொழும்பில் கூண்டுக்குள் உருள, இவர் தனியாக எப்படி வரம்பு கட்டுவது? ஊர்த் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார்: "இந்தச் சண்டையில வெண்டால் அவன் கொழும்பிலயே நிக்கட்டும். தோத்தால், காலபோக நெல் விதைப்புக்கு முதல் வீட்டை வரவேணும். அதோட சரி."

மகனும் சரி என்று வாக்குக் கொடுத்தவன். தோற்ற பிறகு, "காயம் ஒண்டும் இல்லை அம்மா" என்று மட்டும் தாய்க்குப் போனில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். தகப்பனும் கேட்கவில்லை. எல்லோரும் ரீவியில் பார்க்கத்தானே போகிறார்கள்?

அந்த ஞாயிறு நானும் பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். பொதுநோக்கு மண்டபத்தில் மேசைக்கு மேல் மேசை வைத்து, அதற்கு மேல் ரீவி. ஊர் முழுக்க அங்கேதான். சுகந்தனும் கொழும்பில் இருந்து வந்து, முன் வரிசைக் கதிரையில், கொலைக் குற்றவாளி தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தான். கந்தசாமி அண்ணை கடைசி வரிசையில், காலை நீட்டியபடி. அங்கே முடிவு தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். அவனும் நானும்.

படம் நல்லாய்த்தான் இருந்தது. தங்கள் குளத்தை ரீவியில் கண்டதும் சனம் கைதட்டியது. தன் மாட்டைக் கண்ட ஒரு மனிசி எழும்பியே நின்றுவிட்டா. பிறகு சண்டை. கஸகஸ்தான்காரன் பின்னால் இருந்து கழுத்தைப் பூட்டிவிட்டான். சுகந்தனின் முகம் சிவக்கிறது… கண் பிதுங்குகிறது… தாய் பரமேஸ்வரி அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிவிட்டா.

அப்போது சுகந்தன் கையை உயர்த்தி எதிராளியின் தோளில் தட்டினான். டப், டப்.

மத்தியஸ்தர் பாய்ந்து வந்து கஸகஸ்தான்காரனைப் பிடித்தார். அவன் கையை விட்டான். திரை கறுத்தது. மெல்லிய இசை. படம் முடிந்தது! யாருடைய கையைத் தூக்கினார்கள் என்று காட்டவே இல்லை. டைரக்டருக்குக் கலைப்படம் எடுக்கிற ஆசை போல.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி என்ன நடக்கும்?

"தட்டிட்டான்! தட்டிட்டான்! மற்றவன் அவுட்!"

கத்தியது தவமணி அக்கா. அடுத்த நிமிசம் மண்டபமே கூரை பறக்கக் கத்தியது. விசில் என்ன, கட்டிப்பிடிப்பு என்ன… யாரோ வெளியே வெடி கொளுத்தினார்கள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கிளித்தட்டு! கோட்டில் காவல் நிற்கிறவர் ஓடுகிறவரைக் கையால் தட்டினால் தட்டுப்பட்டவர் அவுட். வருடப் பிறப்பு என்றால் அந்த ஊரில் ஆணும் பெண்ணும் கிளித்தட்டுத்தான். முகாமில் கிடந்த காலத்திலும் கூடாரங்களுக்கு நடுவில் கோடு கிழித்து மறித்த சனம். தவமணி அக்கா கோட்டில் நின்றால் ஒரு ஈயும் தாண்டாது என்பார்கள். அவர்கள் பார்த்ததை யோசித்துப் பாருங்கள்: எங்கள் பொடியன் தட்டினான். தட்டுப்பட்டவன் கையை விட்டான். மத்தியஸ்தர் வந்து தட்டுப்பட்டவனைத்தான் பிடித்தார். இதை விட வேறு சாட்சி வேண்டுமா?

சுகந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பேசாமல் இருந்தால் தப்பிவிடலாம். ஊரே வென்றான் என்கிறது. கொழும்புக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். நானும் சத்தியமாக வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவன் கதிரைக்கு மேல் ஏறி நின்றான்.

"சத்தம் போடாதேங்கோ… கேளுங்கோ. நான் தோத்தனான். இந்தச் சண்டையில தட்டினவன்தான் தோல்வி. அப்பா, சொன்ன சொல்லுப்படி நான் விதைப்புக்கு வாறன்."

என் மனம் உருகிவிட்டது. கணக்கு வராவிட்டால் என்ன, பிள்ளை நேர்மை படித்திருக்கிறானே!

சனத்தின் மனம் உருகியதா? கேட்க வேண்டாம்.

"விசர்க் கதை கதையாதை!" என்றா தவமணி அக்கா. "நாங்கள் இவ்வளவு பேரும் கண்ணால கண்டனாங்கள். நீ தட்டினனி, அவன் விட்டவன். அவங்கள் உன்னை ஏமாத்திப் போட்டாங்கள். நீயும் வாய் இல்லாத பூச்சி மாதிரி வந்திட்டாய்."

"இல்லை அக்கா, சட்டமே அப்பிடித்தான்…"

"எந்தச் சட்டம்? தட்டினவன் தோக்கிற விளையாட்டு உலகத்தில எங்கயாவது இருக்கோ? ரீச்சர், பேனையை எடுங்கோ. மனு எழுதுவம்."

பதினைந்து நிமிசம் அவன் விளக்கம் கொடுத்தான். ஒருவரும் கேட்கவில்லை. உரிமை பறிபோய்விட்டது என்றால் மனு எழுதுவது அந்த ஊரின் பழக்கம், அதைக் குறை சொல்லவும் முடியாது. யாரோ எனக்கு மேசை போட்டார்கள், யாரோ கடதாசி கொண்டு வந்தார்கள். 'எமது கிராமத்தைச் சேர்ந்த கந்தசாமி சுகந்தன் எதிராளியை இரு தடவைகள் தெளிவாகத் தட்டியதை நாம் அனைவரும் நேரில் கண்டுள்ளோம் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்…' எழுதினேன். கணக்கு ரீச்சர், பிழை என்று தெரிந்தும் அழகான கையெழுத்தில் எழுதினேன். மனு ரீவி நிலையத்துக்கு. கீழே பிரதிகள்: கிராம அலுவலர், பிரதேச செயலாளர், அரசாங்க அதிபர். "கஸகஸ்தானுக்கும் ஒரு கொப்பி போடோணும்" என்றா தவமணி அக்கா. விலாசம் தெரியாததால் அந்த நாடு தப்பியது.

முதல் கையெழுத்து யாருடையது? பாதிக்கப்பட்டவரின் தகப்பனுடையது. கடதாசி கடைசி வரிசைக்குப் போனது.

அப்போதுதான் கூட்டம் அடங்கியது. தேத்தண்ணிக் கடை நிபந்தனையை அறியாத ஆள் அங்கே யார்? இந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தால் மகன் வென்றவன். வயலுக்கு வரத் தேவையில்லை. சுகந்தன் கதிரையில் இருந்து இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கந்தசாமி அண்ணை கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "ரீச்சர், வெண்டவன் எண்டு வடிவா எழுதியிருக்கோ?"

"ஓம் அண்ணை."

"ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவசரமே இல்லை. பிறகு பேனையை மூடியபடி, ஒருவரையும் பார்க்காமல் சொன்னார். "வெண்டவன் கொழும்பில நிக்கட்டும். விதைப்புக்கு ஒரு பத்து நாள் வந்தால் காணும்."

தகப்பனுக்கு முன்னால் சுகந்தன் அழுததை நான் எழுதக்கூடாதுதான். கூண்டுச் சண்டைக்காரனுக்குக் கொழும்பில் மரியாதை குறைந்துவிடும். ஆனால் விக்கி விக்கி அழுதான்.

அந்த மனுவுக்குத்தான் இப்போது பதில். ரீவிக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள்: 'தங்கள் முறைப்பாடு கிடைத்தது. உரிய கவனம் செலுத்தப்படும்.' ஒன்றரை வரி. தவமணி அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டப் போகிறாவாம். "இனி வீட்டுத்திட்டத்துக்கும் ரீவிக்காரருக்கே எழுதுவம் ரீச்சர். அவைதான் பொறுப்பான ஆக்கள்" என்றா. சிரித்தேன். சிரித்து முடியத்தான், அவ நாலு வருடமாகத் தகரக் கொட்டிலில் இருக்கிறா என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு விசயத்தை மட்டும் தவமணி அக்காவுக்கு நான் சொல்லவில்லை.

அன்று என்னைப் பஸ்ஸுக்கு விடக் கந்தசாமி அண்ணை றோட்டுவரை வந்தார், காலை இழுத்து இழுத்து. என் வாய் சும்மா கிடக்குமா? கேட்டுவிட்டேன். "அண்ணை, மெய்யாவே அவன் வெண்டவன் எண்டே நினைக்கிறியள்?"

சிரித்தார். "பொங்கலுக்கு வந்து நிண்டவன், முத்தத்தில வைச்சு என்ர கையை முறுக்கிப் பிடிச்சுக் காட்டினவன் ரீச்சர். 'நோகத் தொடங்கினால் தட்டுங்கோ அப்பா, விட்டிடுவன்' எண்டான். நோகத் தொடங்க நான் தட்டினனான், அவன் விட்டான். எனக்குத் தெரியாதோ, தட்டினால் என்ன எண்டு?"

"பிறகு ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவர் றோட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ் புழுதியோடு வந்துகொண்டிருந்தது.

"பொடியன் ஏலாமல் தட்டினவுடன, எங்கயோ கிடந்து வந்த அந்தக் கஸகஸ்தான்காரனே கையை விட்டிட்டான். தகப்பன் நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மிதிபலகையில் நின்றபடி, எழுதுகிற புத்தி விடாமல் கேட்டேன். "அண்ணை, இதைப் பேப்பரில எழுதட்டோ?"

"தாராளமா எழுதுங்கோ. பெத்தவனே கதிரையில ஏறி நிண்டு சொல்லியும் நம்பாத சனம், பேப்பரை நம்பப் போகுதோ?"

பெற்றவர் அவர். கதிரையில் ஏறி நின்றவன் மகன். பதற்றத்தில் மாறிச் சொல்லிவிட்டார் என்பதை பஸ் தாம்போதிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் கவனித்தேன். பிடியை விட்ட அவருக்கும் அன்று கழுத்து இறுகித்தான் இருந்திருக்கிறது.