கங்காணி எடுத்த மடிப்பிச்சை

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம். மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஒரே மகள் லூர்து காய்ச்சலில் விழுந்தாள். மூன்று வயது. ஆஸ்பத்திரி டிரெசர் கொடுத்த மருந்து வயிற்றில் தங்கவில்லை. கஞ்சித் தண்ணீரும் வாந்தியாகிவிடும். "இனிமே கடவுள்தான்" என்று அவர் கையை விரித்துவிட்டார். நான் அழுது அழுது ஓய்ந்துபோனேன்.

என் வீட்டுக்காரர் அங்கே கங்காணி. கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. அவர் தலை தெரிந்தால் கூலிகள் குடியிருந்த லயத்தில் கோழிகூடக் கூவாது. ஆனால் மகள் என்றால் உருகிவிடுவார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே படம் அசிசி நகர் அர்ச்சியசிஷ்ட பிராஞ்சீஸ்குவுடையது. அதன் முன்னால் நின்று, "புள்ள பொழச்சா வெள்ளியில உருவம் செஞ்சி வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டார்.

ஜெபம் சொல்ல வந்த உபதேசியாருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"வெள்ளியா? கங்காணியாரே, அவரு துணி வியாபாரி மவன். உடுத்தியிருந்ததக்கூட அவுத்து அப்பன்கிட்ட குடுத்துட்டு வந்தவரு. தெரிஞ்சவங்க பார்க்க, சொந்த ஊர்லயே பிச்சை எடுத்துச் சாப்பிட்டாரு. அவருக்கு வெள்ளி என்னத்துக்கு? மடிப்பிச்சை எடுத்துப் புள்ளைக்குக் கஞ்சி காச்சி ஊத்துங்க."

இவர் முகம் கறுத்துவிட்டது. "நானா? இந்த லயத்துலயா?" நான் போகலாமென்றால் பிள்ளை என் கழுத்தை விடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டையும் தலைப்பாகையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கங்காணி வருகிறார் என்றதும், வேலைப் பெரட்டுக்கு ஆள் சேர்க்கத்தான் வருகிறார், லீவு நாளிலும் வேலை என்று நினைத்து லயமே கதவைச் சாத்திக்கொண்டது. முதல் வீட்டு முனியம்மா உள்ளேயிருந்தே, "இடுப்பு வலி கங்காணி, இன்னைக்கி வர முடியாது!" என்று கத்தினாளாம்.

"வேலைக்கி இல்லம்மா. எம் புள்ளைக்கிப் பிச்சை போடு தாயே."

கதவைத் திறந்து அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் முனியம்மா அழுதுவிட்டாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒருவரும் கையை மூடவில்லை.

பச்சரிசியும் புழுங்கலும் கலந்து கிடந்த அந்த அரிசியைக் காய்ச்சி, ஜெபம் சொல்லி, ஒரு கரண்டி ஊற்றினேன். தங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் தங்கியது. சாயங்காலம் உடம்பெல்லாம் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. நாங்கள் இருவரும் முழங்காலில் விழுந்து கதறினோம்.

அதோடு அவர் வாயிலிருந்து 'ஏய்' என்ற சொல் போயிற்று. லயத்துப் பெண்கள் எல்லோரும் அவருக்கு 'அம்மா'தான். முனியம்மா ஞாயிறு தவறாமல் வந்து, "இது எங்க லயத்துப் புள்ள" என்று லூர்துவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். லூர்து இடுப்பில் இப்போது ஒரு பிள்ளை.

அன்பானவர்களே, உங்களுக்கும் கஷ்டம் வந்தால் இந்த ஏழைப் புனிதரிடம் போங்கள். கைவிட மாட்டார். ஆனால் அவருக்கு என்ன கொடுப்பதென்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எதைக் கொடுக்க உங்களுக்குக் கூசுகிறதோ, அதைத்தான் அவர் கேட்பார்.